கன்னத்தில் மூன்று புள்ளி

மார்ச் 4, செவ்வாய்

இடது தாடையில் புதிதாக ஒன்று. வாயில்லாத வகை. தோலுக்கு அடியில் பயறு அளவில் உருண்டுகொண்டு, வெளியே வரவும் மாட்டேன், போகவும் மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது. தொட்டால் காதுவரை வலிக்கிறது.

முப்பத்தேழு வயதில் பரு. வயசுப் பிள்ளைகளுக்கு வருவது, தானாகப் போய்விடும் என்பார்கள். எனக்கு வயசுப் பிள்ளையாக இருந்தபோது வரவில்லையே! இருபத்தொன்பதில் வந்தது. வந்தது வந்ததுதான்.

காலையில் ஆஸ்பத்திரியில் ஒரு தம்பதி. கணவருக்குப் பித்தப்பையில் கல். இருவருக்கும் காது கேளாது. மருத்துவர் பேசப் பேச நான் சைகையில் சொன்னேன். காது கேளாதவர்கள் கையைப் பார்க்கிறார்கள் என்றுதான் வெளியாட்கள் நினைக்கிறார்கள். இல்லை, முகத்தைத்தான் பார்ப்பார்கள். கை ஓரக்கண்ணில் தெரிந்தால் போதும். பயப்பட வேண்டியதா இல்லையா, வலி கொஞ்சமா நிறையவா, டாக்டர் கோபமாகச் சொல்கிறாரா சிரித்துக்கொண்டு சொல்கிறாரா, எல்லாமே என் முகத்தில்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். மற்றவர்கள் கன்னத்தில் கை வைத்து உட்காரலாம், முடியை முன்னால் இழுத்துவிட்டுக்கொள்ளலாம். எனக்கு அந்த வசதி இல்லை. நாள் முழுக்க முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அந்த மனைவியின் பார்வை ஒரு நிமிடம் என் தாடையில் தங்கிவிட்டுத் திரும்பியது. நான் ஒரு வாக்கியத்தைத் தவறவிட்டேன். டாக்டரைத் திரும்பச் சொல்லச் சொன்னேன்.

மாலையில் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து தயாரிப்பாளர் கூப்பிட்டார். ஞாயிறுதோறும் அரை மணி நேரச் செய்தி, திரையின் ஓரத்தில் ஒரு கட்டம், அதில் சைகையில் சொல்ல ஆள் வேண்டுமாம். ஏப்ரல் கடைசியில் ஒத்திகைப் பதிவு. மூச்சு விடாமல் சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் கை தாடைக்குப் போயிற்று.

மார்ச் 5, புதன்

அண்ணனிடம் சொன்னேன். மரப்பட்டறையிலிருந்து வந்த மெருகு வாசனையோடு என்னைத் தூக்கிச் சுற்றிவிட்டான். நாற்பது வயது ஆள்!

"நிஜமாவா? முழுச் செய்தியுமா? அவங்க சொல்றது அத்தனையுமா?"

(அண்ணனுக்கும் காது கேளாது. அவன் கையால் சொல்வதை வாயால் சொன்ன மாதிரியேதான் இங்கே எழுதுவேன். எனக்கு அப்படித்தான் கேட்கிறது.)

சின்ன வயதில் வீட்டில் செய்தி ஓடும்போது அவன் திரையைப் பார்க்க மாட்டான், எங்கள் முகங்களைப் பார்ப்பான். அப்பா நிமிர்ந்து உட்காருவார், அம்மா "அடப்பாவமே" என்பாள். இவன் எங்கள் தோளைத் தட்டித் தட்டி என்ன, என்ன என்பான். "ஒண்ணுமில்லடா, அப்புறம் சொல்றேன்." வீட்டில் எல்லாரும் இதைத்தான் சொன்னோம். அந்த அப்புறம் ஒருநாளும் வரவில்லை.

இந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காது கேளாதோர் சங்கத்துக்கு அண்ணனோடு போனேன். ஒத்திகைப் பதிவை இங்கே ஐந்து பேர் பார்த்து, சரியாகப் புரிகிறது என்று சொன்னால்தான் நிலையத்தார் ஆளை எடுப்பார்களாம். ஐவரில் அண்ணன் ஒருவன், தையல்காரம்மா ஒருத்தி. அது எனக்குப் பலம் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

செய்தி தொடங்குமுன் சொல்பவர் தன் பெயரைக் காட்ட வேண்டும். அதுதான் வம்பு. இவர்களிடையே பெயர் என்பது வாயால் கூப்பிடுவது இல்லை. ஆளைப் பார்த்ததும் எது கண்ணில் படுகிறதோ அதைக் கையால் காட்டுவார்கள், அதுவே பெயராகி ஒட்டிக்கொள்ளும். அண்ணன் பெயர் முன்பல்லில் இருக்கும் சந்து. தையல்காரம்மா பெயர் புருவத்துத் தழும்பு. சங்கத் தலைவருக்குக் காது பெரிது, அவர் பெயரும் அதுவே. யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

என் பெயர், ஆள்காட்டி விரலால் கன்னத்தில் மூன்று தொடல். புள்ளி, புள்ளி, புள்ளி.

எட்டு வருடமாக அந்தப் பெயரை நான் என் கையால் காட்டியதில்லை. புதிதாக யாரையாவது பார்த்தால் 'சந்துப்பல்லின் தங்கச்சி' என்றுதான் சொல்வேன். இன்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன், வேறு பெயர் வையுங்கள் என்று.

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. "குடை வெக்கலாம், எப்பவும் குடையோட வரா." "கோபக்காரின்னு வெக்கலாம், அதுதான் பொருத்தம்." அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏன் மாத்தணும்?"

"ஊரே பாக்கப்போகுது. நானே கன்னத்தைக் காட்டி இங்க பாருங்க பருன்னு சொல்லணுமா?"

"பேரை நாமளா வெச்சுக்கறதில்ல. கூப்பிடறவங்க வெக்கறது."

அப்போது சொன்னேன். "உங்களுக்குக் காதுதான் கேக்காதுன்னு நெனச்சேன். மனசும் கேக்காதா?"

கை ஆடிய பிறகு அதைத் திரும்பப் பிடிக்க முடியாது. அறை அப்படியே நின்றது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். காது கேட்பவர்கள் கோபத்தில் கதவைச் சாத்துவார்கள். இவர்கள் கண்ணை மூடிவிட்டால் அவ்வளவுதான், நாம் என்ன கத்தினாலும் போய்ச் சேராது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவன் ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தான்.

மார்ச் 14, வெள்ளி

கிரீம் தீர்ந்துவிட்டது. பார்லர்க்காரியிடம் இன்னொன்று வாங்கினேன். இரண்டு வருடமாக இதுதான். முதல் வாரத்தில் முகம் கண்ணாடி மாதிரி ஆனது நினைவிருக்கிறது, அம்மாகூட "என்னடி, மினுமினுன்னு இருக்கே" என்றாள். இப்போது ஒருநாள் விட்டால் பொரிந்து கொட்டுகிறது. போட்டால் அடங்குகிறது. அடங்குகிறது என்பதுகூடப் பொய், பாதி அடங்குகிறது.

"வெயில்ல போகாதீங்க, அடுப்புக்கிட்ட நிக்காதீங்க" என்கிறாள். பிறகு நான் எங்கேதான் நிற்பது?

மார்ச் 20, வியாழன்

இன்று நடந்ததை நினைத்துச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

தையல்காரம்மாவுக்குக் கைவிரல்களில் அரிப்பு. தோல் மருத்துவப் பிரிவில் நான்தான் உடன் இருந்தேன். டாக்டரம்மா அவள் கையைப் பார்த்து மருந்து எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க எத்தனை நாளா அந்த கிரீம் போடறீங்க?"

எங்கள் வேலையில் ஒரு விதி. காது கேளாதவர் அறையில் இருக்கும்வரை அங்கே யார் எது பேசினாலும் கையில் சொல்லியாக வேண்டும். நர்ஸ் சாப்பாட்டைப் பற்றி முணுமுணுத்தாலும் சரி. அவர் எதிரிலேயே அவருக்குத் தெரியாமல் பேச்சு நடக்கக் கூடாது. பதினைந்து வருடப் பழக்கம், கை தானாக ஓடுகிறது. டாக்டர் கேட்ட கேள்வியை அப்படியே தையல்காரம்மாவுக்குச் சொன்னேன்.

"யாரைக் கேக்கறாங்க, என்னையா?" என்றாள் அவள்.

"இல்ல. என்னை."

"எந்த கிரீம் டாக்டர்?" என்று நான் வாயால் கேட்டேன், அதையும் கையில் சொன்னேன்.

"பார்லர்ல குடுத்தது. இல்லேன்னா மருந்துக்கடையில சும்மா கேட்டு வாங்கினது. முகமே சொல்லுதே. தோல் மெலிஞ்சு போச்சு, ரத்தக்குழாய் தெரியுது, கன்னத்துல பூனைமுடி வந்திருக்கு. அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும். போட்டதும் பளிச்சுனு ஆகியிருக்குமே?"

ரத்தக்குழாய். பூனைமுடி. என் முகத்தைப் பற்றிய அத்தனையும் என் கையாலேயே நான் விளக்கிச் சொன்னேன். தையல்காரம்மா வேலையை விட்டுவிட்டுக் கதை கேட்பவள் போல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உடனே நிறுத்தணும். நிறுத்தினா மொதல்ல மோசமாத்தான் ஆகும், ரெண்டு மூணு மாசம் சிவந்து, எரிஞ்சு, பொரியும். அதைத் தாண்டினாத்தான் நிஜமான வைத்தியம் பண்ண முடியும். அப்புறம், முகத்தைத் தொடாதீங்க."

முகத்தைத் தொடாதே என்பதை முகத்தைத் தொடாமல் என்னால் சொல்ல முடியவில்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டார். முதன்முறையாகச் சிரித்தார்.

"உங்க தொழிலே அதுதான் இல்ல? சரி, நகத்தை ஒட்ட வெட்டுங்க, கையைக் கழுவிக்கிட்டே இருங்க. கிள்ளாதீங்க, பிதுக்காதீங்க. மத்தபடி தொட்டுக்கோங்க."

ஏப்ரல் கடைசியில் பதிவு இருக்கிறது, அது முடிந்ததும் நிறுத்துகிறேன் என்றேன். உங்கள் முகம், உங்கள் முடிவு, ஆனால் தள்ளிப்போடப் போட நிறுத்துவது இன்னும் கஷ்டமாகும் என்றார்.

வெளியே வந்ததும் தையல்காரம்மா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். "டாக்டர் சொன்னதை எனக்கு அவ்வளவு அழகா சொன்னியே. உனக்கு யாரு சொல்றது?"

மார்ச் 21, வெள்ளி

நிறுத்தவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலை ஒருமுறை, இரவு ஒருமுறை கிரீம். அதன்மேல் பூச்சு. கண்ணாடி முன் உட்கார்ந்து பழைய செய்திகளைப் போட்டு ஒத்திகை பார்க்கிறேன். சிரித்தால் வாயோரத்தில் பூச்சு விரிசல் விடுகிறது. புருவத்தை ஏற்றினால் நெற்றியில் உதிர்கிறது. அதனால் முகத்தை அசைக்காமல் செய்து பார்த்தேன். கை மட்டும் ஓடுகிறது, முகம் நிச்சலனமாக இருக்கிறது. செய்தி வாசிப்பவர்கள் எல்லாரும் அப்படித்தானே இருக்கிறார்கள்? கம்பீரமாகத்தான் இருக்கிறது.

அண்ணன் சாப்பிடும்போது மட்டும் பேசுகிறான். உப்பு, தண்ணீர், அவ்வளவுதான்.

ஏப்ரல் 12, சனி

அடுப்படியில் பால் பொங்கியது. நிறுத்தப் போனேன். சூடு பட்டதும் கன்னம் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. அம்மா முகத்தில் தேய்க்க எலுமிச்சம்பழத்தை வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். கத்திவிட்டேன், பாவம்.

ஏப்ரல் 26, சனி

பதிவு முடிந்தது. கறுப்புத் துணி, மூன்று விளக்கு, எதிரில் கேமரா. ஒப்பனைக்காரர் கையில் என்ன மாயமோ, கண்ணாடியில் ஒரு புள்ளி இல்லை. கண்ணாடிக்குள் இருந்த அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்தது.

தயாரிப்பாளர் "ரொம்ப நீட்டா இருக்கு மேடம்" என்றார். பெயர் காட்டும் இடத்தில் 'குடை' என்று காட்டினேன். யாரையும் கேட்காமல் நானே எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சங்கத்தில் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். நான் பின்வரிசையில் நின்றேன்.

முதல் செய்தி, பஸ் கவிழ்ந்து பதினோரு பேர் இறந்தது. இரண்டாவது, பந்தயத்தில் வென்ற அணிக்கு வரவேற்பு. முடிந்ததும் தையல்காரம்மாதான் தொடங்கினாள்.

"ஆள் செத்ததும் கப்பு ஜெயிச்சதும் ஒரே மாதிரி இருக்கு. எதுக்கு வருத்தப்படணும், எதுக்குச் சந்தோஷப்படணும்னு எனக்குத் தெரியல."

தலைவர், "கை சுத்தமா இருக்கு. முகம் பூட்டிக் கிடக்கு" என்றார்.

கடைசியில் அண்ணன் எழுந்தான். என்னைப் பார்க்கவில்லை. "எங்க பட்டறையில கனமா வார்னிஷ் அடிச்சா என்ன மரம்னே தெரியாது. இதுல இருக்கிறது யாருன்னு எனக்குத் தெரியல. என் தங்கச்சி சொன்னா எனக்கு எல்லாமே புரியும். இது புரியல. வேண்டாம்."

ஐந்து பேரும் வேண்டாம் என்றார்கள்.

ஏப்ரல் 28, திங்கள்

என் சொந்த அண்ணன். எல்லார் முன்னாடியும். ஒரு வார்த்தை எனக்காகச் சொல்லியிருக்கக் கூடாதா? அவனுக்காகத்தானே இவ்வளவும்? முகத்தைக் காட்டினாலும் தப்பு, மறைச்சாலும் தப்புன்னா நான் எங்க போறது? வெக்கமா இருக்கு, கோவமா இருக்கு. எல்லாத்தையும் விட - அவன் சொன்னது நெஜம். பதிவை நானே திரும்பப் போட்டுப் பாத்தேன். பதினோரு பேர் செத்தாங்கன்னு சொல்றேன், பொம்மை மாதிரி நிக்கறேன். அந்த வீட்டுக்காரங்க யாராவது பாத்திருந்தா என்ன நெனச்சிருப்பாங்க?

தயாரிப்பாளர் கூப்பிட்டார். ஜூன் கடைசியில் இன்னொரு வாய்ப்பு தருவார்களாம். இன்னோர் இளைஞரும் வருகிறார். இதுவே கடைசி.

ஜூன் கடைசி. இன்று கிரீமை நிறுத்தினால் அப்போது முகம் எந்த நிலையில் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மே 2, வெள்ளி

டாக்டரம்மா மேசையில் அந்தக் கிரீம் குழாயை வைத்தேன். குப்பைக்கூடையைக் காலால் என் பக்கம் தள்ளினார். நானே போட்டேன்.

இந்த முறை தனியாகப் போனதால் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. காதால் மட்டும் கேட்டேன். அழுக்கினால் வருவதில்லை, தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் போகாது, கூடத்தான் செய்யும் என்றார். தாடையிலும் கீழ்க்கன்னத்திலும் வருவது, மாதவிடாய்க்கு முந்தைய வாரம் எகிறுவது, இதெல்லாம் உடம்புக்குள் சுரக்கும் ஹார்மோன் கூடிக் குறைவதால் பெரிய பெண்களுக்கு நிறையப் பேருக்கு வருகிறதாம். ரத்தப் பரிசோதனை எழுதினார். இரவில் தடவ ஒரு மருந்து, முகம் முழுக்கச் சேர்த்து ஒரே ஒரு பட்டாணி அளவு. அதையும் முகம் கொஞ்சம் ஆறிய பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள்தான். வாசனை இல்லாத ஈரப்பசைக் களிம்பு, பகலில் வெயிலுக்கான பூச்சு. எலுமிச்சம்பழம் கூடவே கூடாது. போனைக் கன்னத்தில் அழுத்தி வைத்துப் பேசக் கூடாது.

"எப்ப போகும் டாக்டர்?"

"மாசக்கணக்குல யோசிங்க, நாள்கணக்குல இல்ல. முழுக்கப் போயிடும்னு சொல்ல மாட்டேன். கட்டுக்குள்ள வெச்சுக்கலாம்."

எட்டு வருடம் நான் எதையோ தப்பாகச் செய்து இதை வரவழைத்துக்கொண்டேன் என்றே நினைத்திருந்தேன். எண்ணெய் தின்றேன், தூங்கவில்லை, கவலைப்பட்டேன். யாரும் முன்பே இதை உட்காரவைத்துச் சொன்னதில்லை. நாற்காலியிலேயே அழுதுவிட்டேன். கண்ணீர் பட்ட இடமெல்லாம் எரிந்தது.

மே 9, வெள்ளி

கிளம்பிவிட்டது. கண்ணுக்குக் கீழே தொடங்கிக் கழுத்துவரை சிவப்பு. சீழ் வைத்த சின்னச் சின்ன மொட்டுகள், எண்ண முடியாது. தலையணையில் முகம் வைக்க முடியவில்லை. கண்ணாடிமேல் துண்டைத் தொங்கவிட்டேன்.

மே 17, சனி

ஆஸ்பத்திரி லிஃப்டில் ஒரு பெண், கூட வந்தவளிடம், "தொத்து நோயா இருக்கும்" என்று நகர்ந்து நின்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் காது கேட்கும், அதுதான் என் குறை. "தொத்தாதுங்க, பயப்படாதீங்க" என்றேன். மூன்றாம் மாடிவரை மூவரும் எண்களையே பார்த்துக்கொண்டு போனோம்.

பிறகு ஒரு நோயாளிக்கு அறுவைசிகிச்சை பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. முகத்தில் பூச்சு இல்லை, போட முடியாது. அவர் முதலில் பரு அத்தனையையும் பார்த்தார். "என்ன ஆச்சு?" என்று நேராகக் கேட்டார். சொன்னேன். "ஓ" என்றார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர் கண் என் கண்ணைவிட்டு இறங்கவில்லை. ஒரு வாக்கியம்கூடத் தவறவில்லை.

மே 25, ஞாயிறு

விளக்கு இரண்டு தரம் அணைந்து எரிந்தது. கதவைத் தட்டுவதற்குப் பதில் அண்ணன் அப்படித்தான் செய்வான், தனக்கு எப்படிக் கூப்பிட்டால் தெரியுமோ அப்படியே மற்றவர்களையும் கூப்பிடுவான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். கண்ணாடிமேல் இருந்த துண்டைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான், ரொம்ப நேரம்.

"வலிக்குதா?"

எட்டு வருடத்தில் என்ன போட்டாய், என்ன தின்றாய், ஏன் வந்தது, எப்போது போகும் என்று கேட்காதவர்கள் இல்லை. வலிக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை.

"வலிக்குது. எரியுது. ராத்திரி தூங்க முடியல."

தலையை ஆட்டினான். நான் அன்று சங்கத்தில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அதைப் பார்க்காதவன் மாதிரி கையை வீசிவிட்டான். பிறகு நான் கேட்டேன், "அந்தப் பேரு யார் வெச்சது? நீதானே?"

"நான்தான்."

"ஏன்?"

"பரு இருந்துச்சு. வெச்சேன்."

கோபம் வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சந்துப்பல் தெரியச் சிரித்தான். அப்புறம் கை மெதுவாகியது.

"அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப. கடைசி நாள். டாக்டருங்க ஓடறாங்க, அம்மா அழறா, மாமா யாருக்கோ போன் பண்றாரு. எல்லாரும் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறாங்க. நீ மட்டும் என் பக்கம் திரும்பி நின்ன. டாக்டர் சொன்னது ஒவ்வொண்ணையும் சொன்ன. அப்பா போயிட்டாருங்கறதை நீதான் எனக்குச் சொன்ன. எல்லாருக்கும் தெரிஞ்ச அதே நிமிஷத்துல எனக்கும் தெரிஞ்சுது. மூணு மணி நேரம் உன் முகத்தைத் தவிர நான் வேற எதையும் பாக்கல. அப்ப உன் கன்னத்துல மூணு இருந்துச்சு. இங்க, இங்க, இங்க."

தொடவில்லை. காற்றில் காட்டினான்.

அன்று எனக்குப் பரு இருந்ததே எனக்கு நினைவில்லை. அவன் போகும்போது விளக்கை அணைத்துவிட்டுப் போனான். இருட்டில் நான் வாய்விட்டு அழுதேன். அவனுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் சத்தமாகவே அழுதேன்.

ஜூன் 8, ஞாயிறு

தலையணை உறையில் அங்கங்கே வெளுப்பு. சீழ் மொட்டுகளுக்கென்று டாக்டரம்மா சேர்த்துக் கொடுத்த மருந்து துணியின் சாயத்தை எடுக்கிறது. அம்மா புது உறை போயிற்றே என்று புலம்பிவிட்டு, பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து இரண்டு உறை தைத்துக் கொடுத்தாள். அப்பாவுடையது.

ஜூன் 19, வியாழன்

புதிதாக ஒன்றும் வரவில்லை. எழுதினால் கண் பட்டுவிடும்.

ஜூன் 20, வெள்ளி

பட்டுவிட்டது. தாடையில் இரண்டு.

ஜூன் 28, சனி

இரண்டாவது பதிவு. எரிச்சல் போய்விட்டது, சிவப்பு போகவில்லை. ஒப்பனைக்காரர் என்னைப் பார்த்ததும் பெரிய டப்பாவைத் திறந்தார். மெல்லிசாகப் போதும் என்றேன்.

தயாரிப்பாளர் திரையைப் பார்த்துவிட்டு வந்தார். "மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. லைட்டுல எல்லாமே தெரியுது."

"தெரியட்டும் சார். எனக்கு முகம் அசையணும்."

அவருக்குத் திருப்தியில்லை. "பாக்கறவங்க கவனம் செய்தியில இருக்கணுமே" என்றார். எனக்கும் அதேதான் பயம். ஆனால் விளக்கு போட்டதும் முதல் செய்தி வெள்ளம். வீட்டுக் கூரைமேல் இரண்டு நாள் இருந்த ஒரு குடும்பம். அதைச் சொல்லும்போது பரு எனக்கு ஞாபகமில்லை.

ஜூன் 29, ஞாயிறு

வீட்டிலேயே இருந்துவிட்டேன். அண்ணன் சங்கத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றினான், கை கழுவினான், தட்டு எடுத்து வைத்தான். நான் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகு சொன்னான். அந்த இளைஞர் நன்றாகவே செய்திருக்கிறார். ஆனால் ஐவரும் என்னைத்தான் கேட்டார்களாம். தையல்காரம்மா வெள்ளச் செய்தியில் அழுதுவிட்டு, அழவைத்ததற்காக என்னைத் திட்டினாளாம்.

ஜூலை 22, செவ்வாய்

டாக்டரம்மா விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். பரிசோதனையில் சுரப்புக் கோளாறு கொஞ்சம் இருப்பது தெரிந்ததிலிருந்து மாத்திரையும் உண்டு. கன்னம் தெளிந்து வருகிறது, தாடையில் இன்னும் இருக்கிறது, தழும்பு சில தங்கும். "நிறுத்திடலாம்னு தோணும், நிறுத்தாதீங்க" என்றார். கண்ணாடிமேல் இருந்த துண்டு எப்போதோ துவைக்கப் போய்விட்டது. திரும்பத் தொங்கவிட மறந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முதல் ஒளிபரப்பு. நேரலை, தவறினால் தவறியதுதான்.

சிவப்பு விளக்கு எரிந்ததும் வணக்கம் சொன்னேன். அடுத்தது பெயர். நேற்றுவரை முடிவு செய்யவில்லை. விரல் தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. புள்ளி, புள்ளி, புள்ளி. முடிந்த பிறகு கண்ணாடியில் பார்த்தேன். விரல் பட்ட மூன்று இடத்திலும் பவுடர் கலைந்து, கீழே பழைய தழும்பு தெரிந்தது. அரை மணி நேரமும் அப்படியேதான் இருந்திருக்கிறேன். ஒப்பனைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

நிலையத்தை விட்டு இறங்குவதற்குள் அம்மா போன்.

"உங்கண்ணன் பண்ற அநியாயத்தைக் கேளு. நியூஸ் ஆரம்பிச்சதும் டிவி சத்தத்தை மொத்தமா நிறுத்திட்டான். ரிமோட்டைக் குடுக்கவே மாட்டேங்கறான். நான் எனக்கு ஒண்ணும் புரியலையேடான்னு நிக்கறேன். அவன் பாட்டுக்கு உன்னைப் பாத்துச் சிரிக்கறான், திடீர்னு கண்ணைத் தொடைச்சுக்கறான். என்னடா, என்னடான்னு தோளைத் தட்டித் தட்டிக் கேக்கறேன். என்ன சொன்னான் தெரியுமா?"

"என்ன சொன்னான்?"

"திரும்பிக்கூடப் பாக்கலடி. கையை இப்படி ஆட்டி, 'ஒண்ணுமில்லம்மா, அப்புறம் சொல்றேன்'கறான்!"

அம்மா கோபமாகத்தான் தொடங்கினாள். அந்த 'அப்புறம்' வந்த இடத்தில் அழத் தொடங்கிவிட்டாள், போனை வைக்கவும் இல்லை. கன்னத்தில் போனை அழுத்தக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். படியிலேயே உட்கார்ந்து, அழுத்தி வைத்துக்கொண்டு, அம்மா அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.